பாதித் தலைக்கு மட்டும் மென்னீர்: தண்ணீரையும் தலைச்சருமத்தையும் பிரித்துப் பார்த்த பதிவு

முடி வறண்டு கிடக்கிறது, சீப்பு இறங்க மறுக்கிறது, கறுப்புச் சட்டை போட்டால் தோளில் வெள்ளைத் துகள். இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரு புது ஷாம்பூவின் பெயராகத்தான் இருக்கும். ஷாம்பூவை மாற்றுவதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தாக வேண்டும் என்று நினைத்தேன். தலையில் ஊற்றும் தண்ணீரில் என்ன இருக்கிறது? முடி முளைக்கும் தோலில் என்ன நடக்கிறது? இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் எது எதைச் சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது. அதனால் தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்டேன், தலைச்சருமத்தை அப்புறம்.

தண்ணீரை அளந்தது

டிடிஎஸ் மீட்டர் கையில் இருந்ததால் அதைத்தான் முதலில் முக்கினேன். 720 காட்டியது. ஆனால் இந்த எண்ணை வைத்து முடியைப் பற்றி ஒரு முடிவுக்கும் வர முடியாது. அந்த மீட்டர் அளப்பது தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை. அதிலிருந்து கரைந்திருக்கும் உப்பு மொத்தம் இவ்வளவு இருக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. அந்த உப்பு சோடியமா, கால்சியமா என்று அதற்குத் தெரியாது. முடியில் ஒட்டிக்கொண்டு தொந்தரவு செய்பவை கால்சியமும் மெக்னீசியமும். கடினத்தன்மை என்பது இந்த இரண்டின் அளவுதான்.

அடுத்து சோப்புப் பாட்டில் சோதனை. ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிப் பாட்டில்கள். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் காய்ச்சி வடித்த நீர். இரண்டிலும் ஒரே அளவு சோப்புச் சீவல் போட்டுக் குலுக்கினேன். இதற்கு உண்மையான சோப்பு வேண்டும், அதாவது கொழுப்பும் காரமும் சேர்த்துச் செய்தது. ஷாம்பூவும் பெரும்பாலான கைகழுவும் திரவங்களும் சோப்பு இல்லை. அவற்றில் இருக்கும் நுரைப்பொருள் கடினநீரிலும் ஓரளவு நுரைத்துவிடும், சோதனை ஏமாற்றும். காய்ச்சி வடித்த நீரில் நுரை கழுத்துவரை ஏறி அப்படியே நின்றது. கீழே தண்ணீர் தெளிவாக இருந்தது. குழாய்த் தண்ணீரில் நுரை மேலே ஒரு மெல்லிய வளையமாக வந்து அடங்கிவிட்டது, தண்ணீர் பால் நிறத்துக்கு மாறியது. கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் திப்பிகள் சுவரில் ஒட்டின. விரலால் தொட்டால் மெழுகுப் பிசுக்கு. சோப்பும் கால்சியமும் சேர்ந்து உண்டாகும் கரையாத படிவு அது. சோப்பால் தலை குளித்தால் இதே பொருள் முடியிலும் தோலிலும் உட்காரும்.

எண் வேண்டும் என்றால் சொட்டுக் கிட்தான் வழி. 5 மில்லி தண்ணீரை எடுத்து நிறங்காட்டியைச் சேர்த்தால் ஒயின் சிவப்பு நிறம் வரும். அப்புறம் இடிடிஏ கரைசலை ஒவ்வொரு சொட்டாக விட்டு, ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். இடிடிஏ கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கட்டிவிடும். பிடிக்க ஒன்றும் மிச்சமில்லாத கணத்தில் நிறம் நீலமாகும். என் கிட்டில் ஒரு சொட்டுக்கு ஒரு ஜெர்மன் டிகிரி (கடினத்தன்மையை அளக்கும் ஓர் அலகு), கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 17.8 மில்லிகிராம். பத்துச் சொட்டுவரை சிவப்பு அசையவே இல்லை. பத்தொன்பதில் ஊதா எட்டிப் பார்த்தது. இருபத்தொன்றில் முழு ஊதா. இருபத்திரண்டாவது சொட்டு விழுந்து குலுக்கியதும் சுத்தமான நீலம். வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துக்கொண்டு பார்த்தால் இந்தக் கடைசி மாற்றம் தவறாமல் தெரியும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 390 மில்லிகிராம்.

பொதுவாகச் சொல்லும் வகைப்பாட்டில் லிட்டருக்கு 60 மில்லிகிராம்வரை மென்னீர், 61 முதல் 120 வரை ஓரளவு கடினம், 121 முதல் 180 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம். 390 எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

அதே தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, தெளிந்த மேல்நீரை மட்டும் எடுத்துச் சோதித்தேன். ஒன்பது சொட்டிலேயே நீலம். கடினத்தன்மையில் பாதிக்கு மேல் பைகார்பனேட்டால் வந்தது. அது கொதித்தால் சுண்ணாம்பாகப் பாத்திரத்தின் அடியில் படிந்துவிடும். மிச்சமிருப்பது சல்பேட், குளோரைடு வகை, கொதிக்கவைத்தாலும் போகாது.

முடியில் என்ன நடக்கிறது

முடியின் மேல்தோடு கெரட்டின் புரதச் செதில்களால் ஆனது. நாம் குளிக்கும் தண்ணீரின் காரத்தன்மையில் அதன் மேற்பரப்பு எதிர்மின்னூட்டத்துடன் இருக்கும். கால்சியமும் மெக்னீசியமும் நேர்மின்னூட்டம் கொண்டவை, அதனால் போய் ஒட்டிக்கொள்கின்றன. பிளீச் செய்த முடியிலும், வண்ணம் ஏற்றிய முடியிலும், வெயில் பட்டுப் பழகிய நுனியிலும் எதிர்மின்னூட்ட இடங்கள் அதிகம், அங்கே ஒட்டுவதும் அதிகம். நுனிமுடிதான் முதலில் சொரசொரப்பாவதற்கு இதுவும் ஒரு காரணம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். 30 சென்டிமீட்டர் முடியின் நுனி இரண்டரை வருடத் தண்ணீரைப் பார்த்திருக்கிறது.

கடினநீரால் முடி வேரோடு கொட்டும் என்று பலர் நம்புகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. கழிவுநீர் வலையில் தங்கிய முடிகளை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்து, போன் கேமராவில் மாட்டும் மேக்ரோ லென்ஸால் பார்த்தேன். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து உதிர்ந்த முடி. நாளைக்கு 50 முதல் 100 வரை இப்படி உதிர்வது இயல்பு. குமிழ் இல்லாமல் இரண்டு முனையும் வெட்டுப்பட்டது மாதிரி இருந்தால் அது நடுவில் ஒடிந்தது. என்னிடம் குட்டைத் துண்டுகள் எல்லாம் இரண்டாவது வகை. தண்ணீர் பொறுப்பேற்க வேண்டியது உராய்வுக்கும் சிக்குக்கும் அதனால் வரும் ஒடிவுக்கும்தான். முடியின் இழுவலிமையையே கடினநீர் குறைக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 2013இல் வெளியான ஒன்று வேறுபாடு இல்லை என்றது, 2018இல் வெளியான இன்னொன்று குறைகிறது என்றது.

ஷவர் ஃபில்டரைச் சோதித்தது

கடினநீருக்குத் தீர்வு என்று பரவலாக விற்கப்படுவது ஷவரில் திருகும் ஃபில்டர். ஒன்றை மாட்டி, அதற்கு முன்னும் பின்னும் தண்ணீர் பிடித்துச் சொட்டுக் கிட்டில் பார்த்தேன். உள்ளே போனது இருபத்திரண்டு சொட்டு, வெளியே வந்ததும் இருபத்திரண்டு சொட்டு. ஆனால் குளோரின் பட்டையில் வேறுபாடு இருந்தது. ஃபில்டருக்கு முன் இளஞ்சிவப்பு, பின் ஏறக்குறைய நிறமே இல்லை. இந்த ஃபில்டர்களுக்குள் இருப்பது செப்பு–துத்தநாகத் துகள், கால்சியம் சல்ஃபைட், செயலூட்டிய கரி போன்றவை. அவை குளோரினைப் பிடிக்கும், சிலவகைக் கனஉலோகங்களையும் குறைக்கும். கரைந்த கால்சியத்தை விட்டுவிடும். குளோரின் வாடையோ எரிச்சலோதான் குறை என்றால் பயன்படும், சிக்குக்கும் சொரசொரப்புக்கும் பயன்படாது. பெட்டியில் “மென்மையாக்கும்” என்ற வார்த்தை இருந்தாலும் சொட்டுச் சோதனையை நம்புங்கள்.

ரெசின் கார்ட்ரிட்ஜ் செய்தது

கால்சியத்தை எடுக்க நடைமுறையில் இரண்டு வழி. ஒன்று ஆர்ஓ. அது எல்லா உப்பையும் எடுக்கும், ஆனால் நிறையத் தண்ணீரைக் கழிவாகத் தள்ளும். இன்னொன்று அயனி மாற்ற ரெசின், அதாவது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும் பிளாஸ்டிக் மணிகள். வீடு முழுக்கத் தேவையில்லை, தலைக்கு ஊற்றும் பத்து லிட்டருக்கு மட்டும் போதும் என்பதால் ரெசினைத் தேர்ந்தெடுத்தேன்.

வழக்கமான பத்து அங்குல ஃபில்டர் கூடு ஒன்று, அதற்குள் வைக்கும் மீண்டும் நிரப்பக்கூடிய காலிக் கார்ட்ரிட்ஜ், தண்ணீர் மென்மையாக்கும் வகை நேர்அயனி ரெசின். ரெசின் பழுப்பு மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்ன மணிகளாக, ஈர மணல் போல இருக்கும். கார்ட்ரிட்ஜில் முக்கால் லிட்டர் பிடித்தது. விளிம்புவரை திணிக்கக் கூடாது. மணிகள் அவ்வப்போது கொஞ்சம் பருக்கும், அதற்கு மேலே விரலளவு இடம் விட வேண்டும். இரண்டு முனையிலும் நுண்வலை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தபின்தான் மூடினேன், இல்லையென்றால் மணிகள் வாளிக்கு வந்துவிடும். புது ரெசினில் முதலில் வரும் தண்ணீர் மஞ்சளாக, ஒரு வாடையோடு வந்தது. தெளியும்வரை கொட்டினேன்.

பிறகு சோதனை. 5 மில்லி, நிறங்காட்டி. சிவப்பே வரவில்லை, எடுத்த எடுப்பில் நீலம். கால்சியம் போய் அந்த இடத்தில் சோடியம் வந்திருக்கிறது. டிடிஎஸ் மீட்டரை வைத்தால் முன்பிருந்த அதே அளவுதான். மீட்டரை மட்டும் வைத்திருப்பவர் கார்ட்ரிட்ஜ் வேலை செய்யவில்லை என்று தூக்கிப் போட்டிருப்பார்.

இதில் கவனிக்க வேண்டியது வேகம். ரெசினுக்கு நேரம் வேண்டும். ஒரு மணி நேரத்தில் தன் கன அளவைப்போல் ஏறக்குறைய 40 மடங்கு தண்ணீர்வரை நன்றாக வேலை செய்யும். முக்கால் லிட்டர் ரெசினுக்கு அது நிமிடத்துக்கு அரை லிட்டர். ஷவரில் நிமிடத்துக்கு எட்டு லிட்டர் ஓடினால் இந்த அளவு ரெசினுக்குக் கால்சியத்தை முழுதாகப் பிடிக்க நேரம் கிடைக்காது. கையளவு “ஷவர் சாஃப்ட்னர்” நீடித்து வேலை செய்வது ஏன் கடினம் என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. நான் குழாயை மெல்லத் திறந்துவைத்து வாளியில் பிடித்தேன். பத்து லிட்டருக்கு இருபது நிமிடம்.

கொள்ளளவும் கணக்குப் போடக்கூடியதுதான். வீட்டில் உப்பால் புதுப்பிக்கும் ரெசின், லிட்டருக்கு ஏறக்குறைய 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். முக்கால் லிட்டருக்கு 37 கிராம். தண்ணீரில் லிட்டருக்கு 390 மில்லிகிராம் என்றால் 95 லிட்டர்வரை தாங்கும். அந்த அளவை நெருங்கும்போது சொட்டுச் சோதனையில் நீலத்துக்குப் பதில் ஊதா தெரிய ஆரம்பித்தது. கணக்கும் நிறமும் ஒத்துப்போனதைப் பார்த்தபோது மனசுக்கு அவ்வளவு நிறைவு.

புதுப்பிக்க 150 கிராம் சாதா உப்பை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, அரை மணி நேரம் ஆகுமாறு மெல்ல ரெசின் வழியே விட்டேன். பிறகு உப்புச் சுவை போகும்வரை அலசல். அந்த உப்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், வேர் கருகிவிடும்.

பாதித் தலைச் சோதனை

முடிப் பொருள்களைச் சோதிப்பவர்கள் தலையை நடு வகிடெடுத்துப் பிரித்து, ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இன்னொன்று போட்டு ஒப்பிடுவார்கள். ஒரே தலை, ஒரே வெயில், ஒரே தூக்கம் என்பதால் வேறு காரணங்கள் குறுக்கே வராது. அதையே செய்தேன்.

முதலில் இரண்டு பக்கமும் சமமாகத் தொடங்க வேண்டும். அதற்குக் கிலேட்டிங் ஷாம்பூ, அதாவது முடியில் ஒட்டிய கால்சியம் போன்ற உலோகங்களைப் பிடித்து எடுக்கும் ஷாம்பூ. பட்டியலில் டைசோடியம் அல்லது டெட்ராசோடியம் இடிடிஏ, சோடியம் ஃபைட்டேட், சோடியம் குளுக்கோனேட் போன்ற பெயர்கள் முன்வரிசையில் இருக்க வேண்டும். இடிடிஏ பல சாதாரண ஷாம்பூக்களிலும் கடைசியில் துளியளவு இருக்கும், அது ஷாம்பூ கெடாமல் இருப்பதற்கு. கிளாரிஃபையிங் என்று எழுதியிருப்பது வேறு. அது எண்ணெய், சிலிகோன் படிவை எடுக்கும், உலோகத்தை எடுக்கும் என்ற உறுதி இல்லை. நுரையை ஐந்து நிமிடம் விட்டு அலசினேன். அந்த ஒரு குளியலிலேயே நுனிமுடி விரலில் வழுக்கிப் போனது எனக்கே ஆச்சரியம்.

அதன்பின் இடப்பக்கம் ரெசின் தண்ணீர், வலப்பக்கம் குழாய்த் தண்ணீர். ஷாம்பூ ஒன்றே. கண்டிஷனர் முதலில் கிடையாது. காய்ந்தபின் வீட்டில் ஒருவரைச் சீப்பு போடச் சொல்வேன், எந்தப் பக்கம் எது என்று சொல்ல மாட்டேன்.

முதல் சில குளியல்களில் பெரிய வித்தியாசம் இல்லை. கால்சியம் மெல்ல மெல்லத்தான் சேரும். போகப்போக வலப்பக்கத்தில் கழுத்தோரம் சீப்பு நிற்க ஆரம்பித்தது. சீப்பு போட்டவர் யோசிக்காமல் வலப்பக்கத்தைக் காட்டினார். இடப்பக்கத்துக்குப் பாதி ஷாம்பூவே போதுமாக இருந்தது, வழக்கமான அளவு போட்டால் அலச அலச வழுக்கியது. மென்னீரில் இந்த வழுக்கலை ஷாம்பூ போகவில்லை என்று எண்ணி மேலும் மேலும் ஊற்ற வேண்டாம். “கிறீச்” என்று சத்தம் வரும்வரை அலசுவது கடினநீர் கற்றுக்கொடுத்த பழக்கம். மெல்லிய முடி உள்ளவர்களுக்கு மென்னீரில் முடி படிந்து தொங்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். கண்டிஷனர் சேர்த்தபின் இரண்டு பக்கத்துக்கும் இடைவெளி குறைந்தது, ஆனால் நுனியில் மிச்சம் இருந்தது.

பொடுகு? இரண்டு பக்கமும் ஒரே மாதிரி.

தலைச்சருமம்

எனக்கு மிகவும் தேவைப்பட்ட விடை அதுதான். தண்ணீரை மாற்றியும் துகள் குறையவில்லை என்றால் அது வேறு கதை.

வகிட்டின் அதே இடத்தை, அதே வெளிச்சத்தில், மேக்ரோ லென்ஸில் படம் எடுத்துவந்தேன். மூன்று விதமானவை தெரிந்தன. மஞ்சள் கலந்த, எண்ணெய்ப் பசையுள்ள செதில்கள், முடியின் அடியைச் சுற்றி ஒட்டியிருந்தன. அவற்றின் கீழே தோல் லேசாகச் சிவந்திருந்தது. நெற்றி ஓரத்தில் பொடிப்பொடியான உலர்ந்த வெள்ளைத் துகள், சிவப்பில்லை. மூன்றாவது, நகத்தால் சுரண்டினால் வரும் மெழுகுப் படலம். முதலாவது பொடுகு, இரண்டாவது வறட்சி, மூன்றாவது ஷாம்பூவும் எண்ணெயும் விட்ட மிச்சம்.

பொடுகுக்குப் பின்னால் இருப்பது மலசீசியா என்ற ஈஸ்ட். எல்லோர் தலையிலும் இருக்கும். தோலில் சுரக்கும் எண்ணெய்தான் அதன் உணவு. அந்த எண்ணெயை உடைத்து நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களைத் தின்றுவிட்டு, ஓலிக் அமிலம் போன்றவற்றை மிச்சம் விடும். அது பொறுக்காத தோல் அரிக்கும், செதில் செதிலாக உரியும். அழுக்கால் வருவதில்லை, தொற்றிக்கொள்வதும் இல்லை. பொடுகு இருக்கும் தலையில் எண்ணெய் ஊறவைப்பது அந்த ஈஸ்டுக்கு மேலும் சாப்பாடு போடுவது. எண்ணெய் முடியின் நீளத்துக்கு நல்லது. தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைப்பதாக 2003இல் வந்த ஆய்வு காட்டியது. ஆகவே எண்ணெயைக் காதுக்குக் கீழே மட்டும் வைத்துக்கொண்டேன்.

நான் எடுத்தது ஈஸ்டை அடக்கும் மருந்தான கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூ, வாரம் இரண்டு முறை. இதை முடிக்குப் போடுவதில்லை, தோலுக்குப் போட வேண்டும். முடியை நன்றாக நனைத்து, வகிடு வகிடாகப் பிரித்து, விரல் நுனியால் தேய்த்து, ஐந்து நிமிடம் விடுவது முக்கியம். போட்ட உடனே அலசினால் மருந்து வேலை செய்ய நேரமே கிடைக்காது. நான்கு வாரத்துக்குள் மஞ்சள் செதிலும் சிவப்பும் படத்தில் காணாமல் போயின, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, திரும்பி வராமல் இருப்பதற்கு. நான்கு வாரத்திலும் அடங்கவில்லை என்றாலோ, வட்டமாக முடி போனாலோ, சீழ், வலி, தடித்த திட்டு இருந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டுவதுதான் சரி.

மெழுகுப் படலம் மட்டும் தண்ணீருக்குக் கட்டுப்பட்டது. மென்னீர்ப் பக்கத்தில் குறைந்தது, குழாய்த் தண்ணீர்ப் பக்கத்தில் தங்கியது. கடினநீரில் கழுவும்போது நுரைப்பொருள் தோலில் கூடுதலாகத் தங்குகிறது, அதனால் எரிச்சலும் கூடுகிறது என்று 2018இல் வந்த ஆய்வோடு இது பொருந்துகிறது. அதற்காக மென்னீர் தோல் நோயைக் குணமாக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எக்ஸிமா என்ற தோல் அழற்சி உள்ள குழந்தைகளின் வீடுகளில் மென்னீர்க் கருவி பொருத்திப் பார்த்த பெரிய சோதனை ஒன்றில் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. 2011இல் முடிவு வெளியானது.

வினிகர் அலசல் பற்றி

நிறையப் பேர் செய்வதால் இதையும் அளந்தேன். 5 சதவீத வினிகர் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி, ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கலந்தால் பிஹெச் தாள் (அமிலத்தன்மையைக் காட்டும், எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 3க்குச் சற்று மேல் காட்டியது. அதே கரண்டி, அதே வினிகர், குழாய்த் தண்ணீரில் கலந்தால் 4க்கும் 5க்கும் நடுவில். பைகார்பனேட் அமிலத்தின் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. தலைச்சருமத்தின் இயல்பான அளவு 5.5 அருகே இருப்பதால், கடினநீரில் கலந்த கலவையே தலைக்கு இதமானது. ஆர்ஓ நீரிலும் மழைநீரிலும் கலப்பவர்கள் அளவைப் பாதிக்கும் கீழே குறைக்கலாம், ஆனால் பைகார்பனேட் குறைவான அந்த நீரில் அப்போதும் புளிப்பு தூக்கலாகவே இருக்கும். கலக்காத வினிகரை நேரே ஊற்றவே கூடாது. சொறிந்த புண் இருந்தால் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

கார்ட்ரிட்ஜ் செய்ய முடியாதவர்கள் செய்யக்கூடியது: மாதத்துக்கு ஒருமுறை கிலேட்டிங் ஷாம்பூ, குளியலின் கடைசி இரண்டு மக் மட்டும் ஆர்ஓ நீரோ மழைநீரோ. கொதிக்கவைத்துத் தெளிந்த நீரும் ஓரளவு உதவும், என் தண்ணீரில் அது 160 மில்லிகிராம்வரை இறக்கியது. வாளியில் ஆரஞ்சுக் கறை பிடிக்கும் தண்ணீர் என்றால் இரும்பு இருக்கிறது. அது ரெசினையும் அடைத்துவிடும், முதலில் அதை எடுக்கத் தனி ஃபில்டர் வேண்டும். நீச்சல் குளத்தில் முடி பச்சையாவது செப்பால், குளோரினால் அல்ல. அதற்கும் கிலேட்டிங் ஷாம்பூதான்.

இப்போது வழக்கம் இப்படி ஓடுகிறது. குளிப்பதற்கு முன் வாளியிலிருந்து 5 மில்லி எடுத்து ஒரு நிறச் சோதனை. ஊதா தெரிந்தால் அன்றிரவு உப்புக் கரைசல். வெளியூர் போகும்போது ரெசினைத் தண்ணீரில் சும்மா விட்டால் அதில் பாக்டீரியா வளரும், உலரவிட்டால் மணிகள் வெடிக்கும். ஆகவே உப்புத் தண்ணீர் நிரப்பி மூடிவைத்துவிட்டு, திரும்பி வந்ததும் நன்றாக அலசிவிட்டுப் பயன்படுத்துகிறேன்.